ஐஸ் கம்பெனியை எந்த மாதம் சோதிப்பது?

சின்னமுட்டத்தில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே குமரி மாவட்டம்தான். கிழக்குக் கடலுக்கு ஒரு கணக்கு, மேற்குக் கடலுக்கு ஒரு கணக்கு. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாட்களில் ஐஸ் கம்பெனிகளில் வேலை வெகுவாகக் குறையும். சிறு படகில் போகும் வள்ளக்காரர்களுக்காகச் சில ஓடலாம். ஐஸ் உறைய வைக்கக் குழாய்களில் ஓடும் நச்சு வாயுவான அம்மோனியா முழுவதையும், அதைத் திரவமாகச் சேர்த்து வைக்கும் ரிசீவர் தொட்டிக்குள் இழுத்து அடைத்துவிட்டு, குழாய், வால்வுகளைக் கழற்றிப் பார்க்க வேறு நேரம் வாய்க்காது.

ஆனால் உள்ளாட்சி லைசென்ஸ் நிதியாண்டுக் கணக்கில் ஓடுகிறது. அந்தக் கோப்போடு ஆய்வையும் மார்ச்சிலேயே முடிப்பதுதான் வழக்கம். அம்மோனியாவை அழுத்தும் கம்ப்ரசர் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து பார்த்து எழுதும் குறிப்பில் பாதி உபயோகமில்லை. லைசென்ஸ் மார்ச்சிலேயே புதுப்பிக்கப்படட்டும். ஆய்வைத் தடைக்காலத்துக்கு நகர்த்த வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

உள்ளாட்சியைப் பிடித்துக்கொண்டு பேசக் காரணம் உண்டு. அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989ஆம் ஆண்டு மத்திய விதிகளின் கடுமையான பகுதிகள் பல பத்து டன் அம்மோனியா வைத்திருப்பவர்களுக்குத்தான். ஐஸ் கம்பெனியில் இருப்பது சில நூறு கிலோ, மிஞ்சினால் ஒன்றிரண்டு டன். அதனால் கடைசியில் மிஞ்சும் காவல் உள்ளாட்சி லைசென்ஸ், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இவைதான். காற்றில் 300 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 300 பங்கு இருந்தாலே உயிருக்கு ஆபத்து என்று வகுத்திருக்கிற வாயு இது. கம்பெனிச் சுவரை ஒட்டி வீடுகள் வந்துவிட்ட கடற்கரை ஊரில் சில நூறு கிலோ என்பது சின்ன விஷயமில்லை.

ஆய்வுக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் டிரெயின், அதாவது ஆயிலை வடிக்கும் குழாய். கம்ப்ரசரிலிருந்து கசிந்து வரும் ஆயில் திரவ அம்மோனியாவைவிடக் கனமானது. ரிசீவரின் அடியிலும், குளிர்ப்பக்கத்துக் கலன்களின் அடியிலும் போய்த் தங்கும். அதை அவ்வப்போது வடிக்க வேண்டும். விபத்து அதிகம் நடக்கும் நேரங்களில் அதுவும் ஒன்று. குளிரில் ஆயில் கெட்டியாகி வராமல் நிற்கும். ஆபரேட்டர் பொறுமையிழந்து வால்வை இன்னும் இரண்டு சுற்றுத் திறப்பார். கெட்டி ஆயில் சட்டென்று வெளியேறியதும் பின்னாலேயே அம்மோனியா பீய்ச்சியடிக்கும். அதன் பிறகு வால்வுப் பக்கம் போகவே முடியாது. ஒரே ஒரு கைவால்வும், வாளிக்குள் விட்ட ஹோஸும் இருந்தால் அந்த இடத்திலேயே லைசென்ஸை நிறுத்திவைக்கலாம். கைவால்வுக்கு அடுத்து, கையை எடுத்ததும் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு ஒன்று இருக்க வேண்டும். அதன் நெம்புகோலைக் கம்பி போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். வடிக்கும்போது வாயுவைத் தடுக்கும் முகமூடி போட்டவர் ஒருவர், வாசலில் இன்னொருவர் என்று இரண்டு பேர் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது, அழுத்தம் மீறினால் தானாகத் திறந்து வாயுவை வெளியேற்றும் சேஃப்டி வால்வு. உப்புக்காற்றில் இது இறுகிவிடும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியோ சோதித்தோ ஆக வேண்டும். தேதித் தகடு இல்லையென்றால் சோதிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளியேற்றுக் குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து நிற்கக் கூடாது.

குழாயின் துரு வெளியே தெரியாது. தெர்மோகோல் உறைக்குள் ஈரம் புகுந்து இரும்பைத் தின்னும். நாலைந்து இடத்தில் உறையை வெட்டிப் பார்க்கத் தடைக்காலம்தான் தோது. மறுபடி ஓட்டும் அன்று கந்தகத் திரியைக் கொளுத்தி ஒவ்வொரு கிளாண்டிலும், அதாவது வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பிலும் காட்டினால், கசிவு உள்ள இடத்தில் வெண்புகை எழும்.

கசிந்துவிட்டால் காற்றுக்குக் குறுக்கே நடந்து விலகி, பிறகு காற்று வரும் பக்கம் போய் நிற்க வேண்டும். ஜூன், ஜூலையில் மேற்குக் கரையில் காற்று கடலிலிருந்து ஊரை நோக்கி அடிப்பதால், திசை காட்டும் காற்றுப்பை ஒன்று கூரையில் பறப்பது அவசியம். வாயுவின் மேல் தண்ணீரைத் தூவலாகத் தெளிக்கலாம். தரையில் தேங்கிய திரவத்தில் ஊற்றினால் அது கொதித்து இன்னும் அதிக வாயுவைக் கிளப்பும்.

இதே மாவட்டத்தின் குலசேகரம் பக்க ரப்பர் பால் ஆலைகளுக்கு மார்ச் ஆய்வு பொருந்திவிடும்; இலையுதிர்ந்து பால்வெட்டு ஓய்ந்திருக்கும் காலம் அது. பால் கெடாமலிருக்க அங்கே சேர்ப்பதும் அம்மோனியாதான், சிலிண்டரில் வருகிறது. சிலிண்டரை மூடியதும் ஹோஸில் மிச்சமிருக்கும் வாயு பாலில் கரைந்து, பால் ஹோஸ் வழியே சிலிண்டர் பக்கம் பின்னோக்கி ஏறிவிடும். ஹோஸில் ஒருவழி வால்வு இருக்கிறதா என்பதை அங்கே முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.