வெள்ளவத்தையில் ஒரு கட்டில்

கொழும்பில் உங்களுக்காக யாராவது அறை பார்க்கப் போனால், முதலில் பைப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சுவருக்கு என்ன நிறம், தரைக்கு ரைல்ஸ் பதித்திருக்கிறதா என்பதெல்லாம் பிறகு. காலை ஏழு மணிக்கு, அந்த வீட்டில் இருக்கிற எல்லாரும் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரத்தில், பைப்பில் தண்ணீர் எவ்வளவு தடிப்பாக விழுகிறது என்று பார்க்காமல் வன்னியில் இருந்துகொண்டு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.

நான் விசுவமடு. போன வருடம் ஒரு புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை, 12 நாளில் வந்து சேர வேண்டும், முதல் ஆறு மாதம் கைக்கு 45,000. அம்மா உடனே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார். திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டார்: "அது சரி பிள்ளை, அங்க எங்க இருக்கப் போறாய்?"

கொழும்பில் சொந்தக்காரர் இல்லையென்று சொல்ல முடியாது. இருக்கிறார்கள், கனடாவில் இருக்கிற மாமாவைவிடத் தூரத்தில் இருக்கிறார்கள். நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால் கிளிநொச்சியில் இருந்தே 330 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும், இரவு பஸ் ஏறி விடிய இறங்கி, பகல் முழுக்க ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்து அன்றிரவே திரும்பி வந்துவிட வேண்டும், ஏனென்றால் லொட்ஜில் ஒரு இரவு தங்கலாம் என்ற பேச்சையே எங்கள் வீட்டில் எடுக்க முடியாது. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்களே, வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்த சின்னமாமா அந்த பஸ் ஒன்றில் வவுனியாவில் வந்து இறங்கினவர். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. அம்மா அந்த உத்தரவைக் கணக்கில் எடுப்பதில்லை.

அதனால் போன்தான். இணைய விளம்பரங்கள், வட்ஸ்அப் குழுக்கள், பெண்களுக்கு மட்டும், சாப்பாட்டுடன், சாப்பாடு இல்லாமல், அமைதியான சூழல். முதல் நாளே ஒரு புரோக்கர் நாலு படம் அனுப்பினார். வெள்ளைச் சுவர், யன்னலில் கடல், வாடகை 12,000. "இண்டைக்கே வேற ரெண்டு பேர் கேக்கினம் தங்கச்சி, டோக்கன் ஒரு பத்தாயிரம் போட்டால் பிடிச்சு வைக்கலாம்" என்றார். கடல் தெரிகிற அறை அந்த விலைக்கு ஏன் இன்னும் காலியாகக் கிடக்கிறது என்று எங்கள் ஒழுங்கையில் மாடு சாய்க்கிற பெடியன்கூடக் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. தம்பி வங்கியில் போட்டுவிட்டு வந்தான். மூன்று நாளாக வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தார், நாலாம் நாள் புரோக்கரின் வட்ஸ்அப் படமே காணாமல் போய்விட்டது. அதே நாலு படத்தையும் பிறகு தெஹிவளையில் நாள் வாடகைக்கு விடுகிற ஒரு வீட்டின் விளம்பரத்தில் பார்த்தேன். கடல் உண்மைதான்.

அதன் பிறகு வீட்டுக்காரர்களுக்கே நேராகக் கோல் எடுத்தேன். 17 கோல். எண்ணி வைத்திருக்கிறேன்.

"பிள்ளை எந்த ஊர்?"

"விசுவமடு, அன்ரி."

"ஓ, வன்னியோ. பூர்வீகம் எங்க?"

இதற்கு என்ன சொல்வது? எங்கள் ஊரே காடு வெட்டிக் குடியேறின ஊர். மிளகாயும் வெங்காயமும் போடலாம் என்று யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள் ஒரு பக்கம் என்றால், 77 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டில் இருந்து ஓடி வந்து வன்னியில் நிலைத்த சனம் இன்னொரு பக்கம். பூர்வீகம் கேட்கிறவருக்கு இந்தச் சரித்திரம் ஒன்றும் தேவையில்லை, அது சாதியைக் கேட்கிற கேள்வி என்று அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஒருவர் "விசுவமடுவில எவடம்?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தடி என்றேன். எந்தக் கோயிலடி என்றார். போனை வைத்துவிட்டேன். அந்த வீட்டில் ஏசி போட்டு வாடகையைப் பாதியாகக் குறைத்தாலும் நான் போயிருக்க மாட்டேன்.

மற்றக் கேள்விகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி. வேலை எங்க, எத்தனை மணிக்கு வருவீர், சமைப்பீரோ, மச்சமோ சைவமோ, ஆர் வந்து போவினம், அடையாள அட்டைப் பிரதியும் விதானையாரின்ர கடிதமும் தருவீரோ, பொலிசில பதியோணும். கடைசிக் கேள்வி எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை போலிருக்கிறது. காலியில் இருந்து வந்து நுகேகொடையில் அறை எடுத்திருக்கிற என் அலுவலகத் தோழியிடம் இதைச் சொன்னபோது, எதற்குப் பொலிஸ் என்று கேட்டாள்.

சரி, பைப்புக்கு வருகிறேன். அம்மாவோடு படித்த ஒருவரின் மகள் தெஹிவளையில் இருக்கிறார். அந்த அக்காவை நான் அதுவரை கண்டதுகூட இல்லை, ஆனாலும் வேலைக்குப் போகிற வழியில் வெள்ளவத்தையில் இறங்கி இரண்டு வீடு பார்த்து வீடியோ கோல் போட்டார். முதல் வீட்டில் படத்துக்கு ஏற்ற அறை, நல்ல அலுமாரி, மூன்று கட்டில். நான் "நல்லா இருக்கக்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்கொண்டி இல்லை, அந்த இடத்தில் ஒரு ஆணியும் ஒரு நாடாவும். பைப்பைத் திறந்தார். ஒரு நீள மூச்சுச் சத்தம், இரண்டு துளி, பிறகு பழுப்பாக ஒரு நூல். கீழே வாளியில் விழுகிற சத்தம் ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய மாதிரிக் கேட்டது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, போனை வாளிக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியில் யாரோ கதவைத் தட்டி "ஆர் உள்ளுக்க, எனக்கு நேரம் போகுது" என்று கத்தினார்கள். அந்த வாளி நிரம்பும்வரை ஆறு பெண்கள் வரிசையில் நிற்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாற்றம் வீடியோவில் வராது, அதை நான் கேட்டேன். "பழைய மீன் மாதிரி" என்றார். இரண்டாவது வீட்டில் தண்ணீர் நல்லாக வந்தது, அட்வான்ஸ் ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே கேட்டார்கள். விட்டோம்.

எட்டாம் நாள் இரவு அறை தேடுவதை விட்டுவிட்டு, அறையை விட்டுப் போகிற ஆளைத் தேடத் தொடங்கினேன். ஏன் இதை முதல் நாளே யோசிக்கவில்லை என்று இப்போதும் என்மீது எனக்குக் கோபம் வரும். கிளிநொச்சியில் என்னோடு படித்தவர்களின் குழுவில் ஒரு வரி போட்டேன்: கொழும்பில ஆராவது கட்டில் விடப் போகினமோ? ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் வந்தது. யாரோ ஒருத்தியின் மச்சாள், முள்ளியவளை, வெள்ளவத்தையில் மூன்றரை வருடம் இருந்தவள், கலியாணம் சரிவந்து வவுனியாவுக்குப் போகிறாள். கட்டிலுக்கு மாத வாடகை 14,000, கரண்ட் பில் தனியாகப் பங்கு, அட்வான்ஸ் மூன்று மாதம்.

போகிறவளுக்கும் பதில் ஆள் தேவை, அதனால் அவளும் கொஞ்சம் மறைக்கத்தான் பார்ப்பாள். ஆனால் ஊர்ப்பக்கத்துப் பிள்ளையிடம் எவ்வளவு மறைப்பது, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலில் முகத்துக்கு முகம் கண்டால் என்ன செய்வாள்? அவள் தானாகவே சொன்னாள்: மின்விசிறி இரவில் சத்தம் போடும், ஆறு மணிக்கு முன் குளித்துவிட வேண்டும், பக்கத்துக் கட்டில் பிள்ளை நித்திரையில் கதைப்பாள், மீன் ஞாயிறில் மட்டும், வாசல் படலை பத்து மணிக்குப் பூட்டு, அன்ரி சத்தம் போடுவா ஆனால் காய்ச்சல் என்றால் இரவு பன்னிரண்டுக்கும் கஞ்சி வைத்துத் தருவா. இதில் ஒன்றைக்கூட எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. பைப்பை அவளே காலை ஏழுக்குத் திறந்து வீடியோ எடுத்து அனுப்பினாள். மெல்லிய தண்ணீர்தான். அடியில் சொட்டு ஒழுகியது. பரவாயில்லை.

அட்வான்ஸ் விசயம் கவனம். அவள் கட்டியிருந்த மூன்று மாதக் காசை நான் அவளிடம் கொடுப்பது, அன்ரி யாருக்கும் ஒன்றும் திருப்பிக் கொடுப்பதில்லை, கட்டிலோடு அட்வான்ஸும் கை மாறும். இப்படித்தான் அந்த வீட்டில் வழக்கமாம். கேட்க நல்லாக இருக்கும், ஆனால் நாளைக்கு நான் வெளிக்கிடும்போது "நீர் என்னட்ட என்ன தந்தனீர்?" என்று அன்ரி கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் காசு கைமாறும்போது மூன்று பேரும் போனில் இருந்தோம், அன்ரி ஒரு கொப்பித் தாளில் என் பெயர், 42,000, திகதி எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படம் அனுப்பினார். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசுக்கு முன் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும் என்று அலுவலகத்தில் பிறகு சொன்னார்கள். 1840ஆம் ஆண்டுச் சட்டமாம், வெள்ளைக்காரன் போட்டது இன்னும் இருக்கிறது. எங்களைப் போல மாதத்துக்கு மாதம் இருக்கிறவர்களுக்கு நொத்தாரிசு தேவையில்லை, அந்தக் கொப்பித் தாள் போதும். ஆனால் அந்தத் தாள் கட்டாயம் வேண்டும்.

வெள்ளவத்தைதான் வேண்டும் என்றில்லை. கொட்டாஞ்சேனையிலும் தமிழில் கதைத்தே காலம் தள்ளலாம், வத்தளை, ஹெந்தளைப் பக்கம் போனால் அதே காசுக்குக் கொஞ்சம் பெரிய அறை கிடைக்கும், ஆனால் காலையும் மாலையும் பஸ்ஸில் போகிற நேரத்தையும் வாடகையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும். எனக்கு வெள்ளவத்தை ரெயில் ஸ்ரேசனில் ஏறினால் பம்பலப்பிட்டி, அடுத்தது கொள்ளுப்பிட்டி. மாதச் சீசன் எடுத்துவிட்டால் காசு பெரிதாகத் தெரியாது. ரெயில் பிந்தினால் காலி வீதிக்கு ஏறி 100 அல்லது 101 இலக்க பஸ் பிடிக்கலாம். இன்னொன்று, வடக்கில் இருந்து வருகிற இரவு பஸ்களில் பல வெள்ளவத்தைவரை வரும், அம்மா பார்சல் கொடுத்துவிட்டால் விடிய நடந்து போய் வாங்கிவிடலாம்.

கரண்ட் பில்லைப் பற்றி ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இலங்கையில் அலகு கூடக் கூட அலகின் விலையும் படிப்படியாக ஏறும், 60 அலகைத் தாண்டினால் கணக்குப் பார்க்கிற அட்டவணையே வேறு. தனியாக இருக்கிறவள் சிக்கனமாக இருந்தால் கீழ்ப்படியில் நிற்பாள். ஒரே மீற்றரில் ஆறு பேர், ஆறு தலைமயிர் உலர்த்தி, ஒரு ஸ்திரிப்பெட்டி, ரைஸ் குக்கர் என்றால் எல்லாரும் சேர்ந்து மேல்படிக்கு ஏறி நிற்போம். அதனால் பங்கு என்று சொன்னால் எத்தனை பேருக்குப் பங்கு, அன்ரியின் குளிர்சாதனப் பெட்டியும் அதற்குள்ளா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதற்குள்தான்.

ஆறு பேரில் நான் வன்னி, ஒருத்தி மூதூர், ஒருத்தி மன்னார், இரண்டு பேர் பருத்தித்துறை, ஒருத்தி ஹற்றன். நித்திரையில் கதைக்கிறவள் ஹற்றன்காரி, மாதக் கடைசியில் இலக்கங்களாகக் கதைப்பாள், அவளும் கணக்குத்தான். போன ஆனியில் அம்மா ஒரு பழைய பால்மா ரின் நிறையப் பாலைப்பழம் பஸ்ஸில் கொடுத்துவிட்டார். அரைவாசி நசுங்கி மூடியால் பால் வடிந்து பார்சல் பையெல்லாம் பிசுபிசு. அவள் பாலைப்பழம் கண்டதில்லை. சும்மா வாயில் போடாதே, உதடு ஒட்டும் என்று சொல்வதற்குள் ஒரு பிடி போட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வாயைத் திறக்கவும் மாட்டாமல் சிரிக்கவும் மாட்டாமல் கண்ணால் மட்டும் கெஞ்சினாள். அன்ரி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டா. அன்றைக்குத்தான் அவவும் ஒரு பழம் எடுத்து, உதட்டில் படாமல், பழகினவர்கள் சாப்பிடுகிற மாதிரிச் சாப்பிட்டா. எங்க பழகினீங்கள் என்று கேட்டேன். சின்ன வயதில் ஒட்டுசுட்டானில் இரண்டு வருடம் இருந்தவவாம். என்னிடம் பூர்வீகம் கேட்காத ஒரே ஆள் அவதான்.

ஹற்றன்காரி மாதக் கடைசியில் போகிறாள், கண்டியில் வேலை கிடைத்திருக்கிறது. கட்டில் யன்னலோரம், 14,000, கரண்ட் தனி. மல்லாவியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள், இன்று காலை ஏழுக்குப் பைப்பைத் திறந்து வீடியோ அனுப்பினேன். ஒழுகலைத் திருத்த இன்னும் ஆள் வரவில்லை, அதையும் கிட்டப் பிடித்துக் காட்டியிருக்கிறேன்.