தோற்றவர்கள் கட்டிய ஊர்

ஹாலிஃபாக்ஸிலிருந்து காரில் தென்மேற்கே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் ஷெல்பர்ன். கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரையில் ஒரு சிற்றூர். இன்று 2,000 பேர்கூட இல்லை. 1784 வாக்கில் இங்கே சுமார் 10,000 பேர் இருந்தார்கள்.

எல்லோரும் அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்று தோற்றவர்கள். சொத்துகள் பறிபோய், 1783-இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறி வந்தார்கள். சார்லட் லேனில் 1785-இல் கட்டிய ராஸ்-தாம்சன் கடை இப்போது அருங்காட்சியகம். பீப்பாய்களும் துணிச் சுருள்களும் அடுக்கியிருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிக் கதைதான்.

மீதி பர்ச்டவுனில், பத்து நிமிட தூரத்தில். எஜமானரை விட்டு வந்தால் விடுதலை என்று கிளர்ச்சியாளர்களின் அடிமைகளுக்கு பிரிட்டிஷ் தளபதிகள் வாக்களித்திருந்தார்கள். நம்பி வந்த கறுப்பின மக்கள் 1,500 பேருக்கு மேல் இங்கே குடியேறினார்கள். விடுதலைச் சான்றிதழில் கையெழுத்திட்ட தளபதி பர்ச்சின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். நிலம் பலருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை, கிடைத்ததும் பாறை. அவர்கள் முதல் குளிர்காலங்களைக் கழித்த குடிசையின் மாதிரி ஒன்று அங்கே இருக்கிறது: தரையில் ஒரு குழி, மேலே கூம்பிய மரக்கூரை, அவ்வளவுதான். நோவா ஸ்கோஷியக் குளிரை அதற்குள் கழித்தார்கள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

1784 ஜூலையில் ஷெல்பர்னில் கலவரம். படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வெள்ளைச் சிப்பாய்களுக்கும் நிலம் வந்து சேரவில்லை. கறுப்பர்கள் குறைந்த கூலிக்கு வேலை பார்க்கிறார்கள் என்ற ஆத்திரம் வேறு. போதகர் டேவிட் ஜார்ஜின் வீடு உட்பட இருபது வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். குறைந்த கூலிக்கு அவர்களைத் தள்ளியது யார் என்று கேட்க ஆளில்லை. மன்னர் ஒருவர்தான், விசுவாசமும் ஒன்றுதான். கூலி மட்டும் நிறம் பார்த்தது.

அரசு கொடுத்த ரேஷன் நின்றதும் ஷெல்பர்னே காலியாகத் தொடங்கியது. 1792 ஜனவரியில் ஏறத்தாழ 1,200 கறுப்பின மக்கள், பர்ச்டவுன்காரர்கள் பலர் உட்பட, ஹாலிஃபாக்ஸிலிருந்து 15 கப்பல்களில் சியரா லியோனுக்குப் போய் ஃப்ரீடவுனை உருவாக்கினார்கள். டேவிட் ஜார்ஜும் போனார்.

ஷெல்பர்னில் மனைகளை அளந்து கொடுத்தவர் பெஞ்சமின் மார்ஸ்டன், அவரும் மாசசூசெட்ஸிலிருந்து ஓடிவந்த மன்னர் விசுவாசிதான். கலவரத்துக்கு அவர்மேல் பழிபோட்டு வேலையைவிட்டு நீக்கினார் ஆளுநர். பிழைப்புத் தேடி அலைந்தவர், அதே 1792-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பொலாமா தீவுக்கு இன்னொரு குடியேற்றத்தோடு போய், காய்ச்சலில் செத்தார்.