வராண்டாவில் நாலு நாற்காலி

வரலாறு ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியோடு போட்ட வெர்சாய் ஒப்பந்தத்தை ஒரே வகுப்பில் முடித்துவிடுவேன். கரும்பலகையின் இடது ஓரத்தில் 1919, வலது ஓரத்தில் 1939, நடுவில் ஓர் அம்புக்குறி. கடுமையான ஒப்பந்தம், அவமானம், ஹிட்லர், போர். மாணவர்கள் தேர்வில் அப்படியே எழுதினார்கள், நானும் தாராளமாக மதிப்பெண் போட்டேன்.

அந்த அம்புக்குறியை ஒரு மாணவி அழித்தாள். "ஒப்பந்தம்தான் காரணம்னா, ஒன்பது வருஷம் கழிச்சும் நாஜிக் கட்சிக்கு ஏன் சார் யாரும் ஓட்டுப் போடலை?" 1928 மே தேர்தலில் அந்தக் கட்சி வாங்கியது 2.6 சதவீதம். 1932 ஜூலையில் 37 சதவீதத்துக்கும் மேல். இடையில் ஒப்பந்தம் ஒன்றும் கடுமையாகிவிடவில்லை. அதன் பிடி தளர்ந்துகொண்டுதான் வந்தது. 1929-இல் பொருளாதாரம்தான் குப்புற விழுந்தது. "நாளைக்குப் பேசுவோம்" என்று அன்று சமாளித்தேன். வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை.

அப்புறம்தான் வகுப்பிலேயே ஒரு சமாதான மாநாடு நடத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா, இத்தாலி, ஜெர்மனி என்று ஐந்து குழுக்கள், ஒரே மேஜை. இருபது நிமிடத்தில் எல்லோரும் ஒத்துப்போய்க் கைகுலுக்கிக்கொண்டார்கள். எனக்குத்தான் உறுத்தியது. தவறு என்னுடையது. 1919-இல் ஜெர்மனிக்கு அந்த மேஜையில் இடமே இல்லை. வென்றவர்கள் தங்களுக்குள் மாதக்கணக்கில் பேசி முடித்து, மே 7 அன்று வரைவை நீட்டினார்கள். எழுத்தில் கருத்துச் சொல்லலாம், நேரில் பேசக் கூடாது. அதற்கும் பதினைந்து நாள் கெடு.

அடுத்த ஆண்டு ஜெர்மனிக் குழுவுக்கு வராண்டாவில் நாலு நாற்காலி போட்டேன். கதவைப் பாதி திறந்து வைத்தேன். உள்ளே பேசுவது புரியாது, சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். முதல் பத்து நிமிடம் வெளியே இருந்தவர்களுக்குக் குஷி. அப்புறம் ஒருவன் எட்டிப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் கதவோரம் வந்து நின்றுவிட்டார்கள். வரைவைக் கொடுப்பதற்கு முன்பே முகத்தில் கோபம் வந்திருந்தது.

உள்ளே இருந்தவர்களைக் கொடுமைக்காரர்களாக்கவும் எனக்கு மனமில்லை. போரில் பாழானது பெரும்பாலும் பிரான்சின் வடபகுதி. ஜெர்மன் மண்ணில் அந்த அளவு சேதம் இல்லை. ரைன் நதிக்கு மேற்கே உள்ள நிலத்தை ஜெர்மனியிடமிருந்து பிரித்துவிட வேண்டும் என்று பிரான்ஸ் கேட்டது. பிரிட்டனும் அமெரிக்காவும் "உங்களைத் தாக்கினால் நாங்கள் வருவோம்" என்று உறுதி கொடுத்ததால், பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோ அந்தக் கோரிக்கையிலிருந்து இறங்கி வந்தார். அமெரிக்க செனட் அந்த உறுதியை ஏற்கவில்லை. அதோடு பிரிட்டனின் உறுதியும் காலாவதியானது. இதைச் சொன்னதும் பிரான்ஸ் குழுவில் இருந்த பையன், "அப்போ எங்களுக்குக் கொடுத்தது பணமில்லாத செக்கா சார்?" என்றான். என் பாடக்குறிப்பில் இருந்த ஒரு பக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது.

வராண்டாக் குழு 231-ஆம் பிரிவில்தான் கொதிக்கும் என்று எதிர்பார்த்தேன். போரினால் வந்த இழப்புகளுக்கெல்லாம் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பு என்கிற பிரிவு அது. இழப்பீடு கேட்பதற்கான சட்ட அடிப்படையாகவே அதை எழுதினார்கள். ஆஸ்திரியா, ஹங்கேரி ஒப்பந்தங்களிலும் அதே வாசகம் உண்டு. அங்கே அது இந்த அளவு தீப்பிடிக்கவில்லை. ஆனால் குழுவின் கண்ணில் பட்டது வேறொன்று. "தொகையே இல்லையே சார், வெறும் தாளில் கையெழுத்தா?" உண்மைதான். தொகையை 1921-இல்தான் நிர்ணயித்தார்கள்: 13,200 கோடி தங்க மார்க். அதில் 8,200 கோடி வசூலாகும் என்று கணக்குப் போட்டவர்களே நம்பவில்லை. சொந்த நாட்டு வாக்காளர்களுக்குக் காட்டுவதற்காகப் போட்ட எண். அந்த எண்ணையே ஜெர்மனியின் வாக்காளர்களும் பார்த்தார்கள் என்பதுதான் வினை.

வராண்டாவில் இன்னும் நிறைய நாற்காலி போடலாம். உள்நாட்டுப் போரில் இருந்த ரஷ்யாவுக்கு அழைப்பே இல்லை. சீனாவின் ஷான்டுங் பகுதியில் ஜெர்மனி வைத்திருந்த உரிமைகளை ஜப்பானுக்குக் கொடுத்ததால் சீனா கையெழுத்துப் போடவில்லை. பின்னாளில் ஹோ சி மின் என்ற பெயரில் வியட்நாமின் தலைவரானவர் அந்த நாட்டுக்காக ஒரு மனு கொடுத்தார், யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு பாட வேளைக்குள் இவ்வளவையும் நடத்த முடியாது. சீனாவை மட்டும் எப்படியாவது சேர்த்துவிடுகிறேன்.

போன வருடம் கையெழுத்து நேரத்தில் வராண்டாக் குழு மறுத்துவிட்டது. ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன்: கடல் முற்றுகை தொடர்கிறது, மறுத்தால் படைகள் உள்ளே வரும். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தளபதி வேடம் போட்ட உயரமான பையன், வேண்டுமென்றே கேட்டு வாங்கிய வேடம் அது, பேனாவைப் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளினான். "நீதானே மந்திரி, நீ போடு. நான் ராணுவம்."

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. 1918 நவம்பர் 11 அன்று போர்நிறுத்தக் கையெழுத்துக்கு ஜெர்மன் குழுவின் தலைவராகப் போனது எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி; தலைமைத் தளபதி ஹிண்டன்பர்க் போகவில்லை. மறு வருடமே, படையை உள்நாட்டிலிருந்தே முதுகில் குத்திவிட்டார்கள் என்று ஹிண்டன்பர்க் விசாரணைக் குழு முன் சொன்னார். எர்ஸ்பெர்கரை 1921-இல் சுட்டுக் கொன்றார்கள். ஹிண்டன்பர்க் 1925-இல் குடியரசுத் தலைவரானார், 1933-இல் ஹிட்லரைப் பிரதமராக நியமித்தார்.

இதைச் சொல்லி முடித்தபோது அந்த உயரமான பையன் மேஜைக்கு வந்து, தாளைத் திருப்பி அவள் கையெழுத்தைப் பார்த்தான். பக்கத்தில் தன் கையெழுத்தையும் போடலாமா என்று கேட்டான். மணி அடித்துவிட்டது.