முடிந்துபோன கண்காட்சிகளைத் தேடி, சிகாகோவில்

சிகாகோவின் மையப் பகுதியில் ரயில் தெருவுக்கு மேலே, இரும்புத் தூண்கள் மீது தடதடவென்று ஓடுகிறது. ஆடம்ஸ்-வாபாஷ் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே கொஞ்சம் நடந்தால் மிச்சிகன் அவென்யூ. எதிரே, பச்சை பாரித்துப்போன இரண்டு வெண்கலச் சிங்கங்கள் 1894 முதல் வாசல் காக்கின்றன. அதுதான் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் ஆப் சிகாகோ.

புகழ்பெற்ற ஓவியங்களைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் போவதற்கு முன்பு இந்த அருங்காட்சியகத்தில் நடந்து முடிந்த கண்காட்சிகளைப் பற்றி நிறையப் படித்துவிட்டேன். அதனால் ஒவ்வொரு அறையிலும், முன்பு இங்கே என்ன இருந்தது, அதில் எது மிஞ்சியது என்றுதான் மனம் தேடியது.

முதலில் பெரிய மாடிப்படி. உள்ளே நுழைந்ததும் எதிரே விரிந்து, மேலே போய் இருபுறமும் பிரிகிறது. 1893 செப்டம்பர் 11 அன்று சர்வசமய மாநாடு தொடங்கியது இந்தக் கட்டடத்தில்தான். கட்டடமே அந்த ஆண்டு உலகக் கண்காட்சியையொட்டி எழுந்தது. “அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே” என்று விவேகானந்தர் பேசத் தொடங்கியதும் இங்கேதான். அவரைக் கப்பலேற்றப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாள் சென்னைக்காரர் என்பதால், நமக்கும் இந்தப் படிகளில் ஒரு பங்கு இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்தப் பேச்சு 2010-இல் இதே படிகளில் எழுத்தாக வந்தது. மும்பைக் கலைஞர் ஜிதிஷ் கல்லாட், படிகளின் 118 செங்குத்து முகப்புகளிலும் எல்.இ.டி. விளக்குகளால் உரை முழுவதையும் எழுதினார். மேலே ஏற ஏறப் படித்துக்கொண்டே போகலாம். எழுத்துகளின் நிறங்கள் ஐந்து: பச்சை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க அரசு பயங்கரவாத அபாயத்தை அளவிட வைத்திருந்த ஐந்து நிறங்கள் அவை. மதவெறியை விடச் சொன்ன பேச்சுக்கும் அந்தத் தாக்குதலுக்கும் இடையே சரியாக 108 ஆண்டுகள். 2011-இல் விளக்குகளைக் கழற்றிவிட்டார்கள். நான் போனபோது வெறும் கல்படி. குனிந்து ஏதாவது ஆணித்துளை தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. பின்னால் வந்த ஒரு பெண் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

படிக்குப் பின்னால் ஆசியக் கலைக்கூடத்தில் நாகப்பட்டினத்துக் கருங்கல் புத்தர் தியானத்தில் இருக்கிறார். சோழர் காலம், 12-ஆம் நூற்றாண்டு. என் கதையில் அவருக்கு இடமில்லை, இருந்தாலும் பார்க்காமல் வர மனமில்லை.

இங்கே நடந்த கண்காட்சிகளில் காலத்தில் பின்னோக்கிப் போய் ஒன்றைப் பார்க்கலாம் என்றால், நான் கேட்பது 1913-ஐத்தான். நியூயார்க்கில் ஒரு படைப்பிரிவின் கூடத்தில் தொடங்கிய ஆர்மரி ஷோ என்ற நவீனக் கலைக் கண்காட்சி, மார்ச் 24 முதல் ஏப்ரல் 16 வரை சிகாகோவில் நடந்தது. பிக்காசோ, மத்தீஸ், துஷாம் என்று ஐரோப்பாவின் புதிய கலை ஒட்டுமொத்தமாக வந்து இறங்கியது. நியூயார்க்கில் கூடத்தை வாடகைக்கு எடுத்துத்தான் நடத்தினார்கள். சிகாகோவிலோ ஓர் அருங்காட்சியகமே கதவைத் திறந்துவிட்டது. ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ரசிக்க வந்தவர்களைவிடச் சிரிக்க வந்தவர்கள் அதிகம் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

கடைசி நாளில் இங்கேயே இயங்கிய கலைப்பள்ளியின் மாணவர்கள் மத்தீஸுக்கு ஒரு கேலி வழக்கு நடத்தினார்கள். அவருக்குக் கிண்டலாக ஒரு பெயர் சூட்டி, குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி, அவருடைய ஓவியங்களைப் பார்த்து வரைந்த நகல்களைக் கொளுத்தினார்கள். கலை படிக்க வந்த பிள்ளைகள்! இன்று அதே கட்டடத்தில் மத்தீஸின் ‘ஆற்றங்கரையில் நீராடுவோர்’ ஒரு சுவரையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. 2010-இல் மத்தீஸுக்காகத் தனிக் கண்காட்சியும் நடத்தினார்கள். அது எடுத்துக்கொண்ட காலம் 1913 முதல் 1917 வரை. அந்த 1913-ஐப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

1913-இன் இன்னொரு மிச்சம் காண்டின்ஸ்கி. ஆர்தர் ஜெரோம் எட்டி என்ற சிகாகோ வழக்கறிஞர், ஊரே எள்ளி நகையாடிய ஓவியங்களைக் காசு கொடுத்து வாங்கினார். அவர் சேர்த்தவற்றில் ஒரு பகுதி 1931-இல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. பீரங்கிகள் தெரியும் காண்டின்ஸ்கி ஓவியம் அதில் ஒன்று.

கூட்டத்தை வைத்துப் பார்த்தால் 1995-இன் மோனே கண்காட்சிதான் பெரியது. ஒன்பதரை லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். எனக்கு என்னவோ அந்த எண்ணிக்கை பெரிதாகத் தோன்றவில்லை. மோனேயைப் பிடிக்காதவர் யார்? வான்கோவுக்கு 2016-இல் செய்தது சுவாரசியமானது. அவர் தன் படுக்கையறையை மூன்று முறை வரைந்திருக்கிறார். ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் ஓவியங்களை வரவழைத்து, சிகாகோவில் இருக்கும் ஓவியத்தோடு சேர்த்து மாட்டினார்கள். அதோடு ஊரில் ஒரு நிஜ அறையை ஓவியத்தைப் போலவே மாற்றி, ஏர்பிஎன்பியில் ஓர் இரவுக்கு 10 டாலர் என்று வாடகைக்கும் விட்டார்கள். விளம்பர உத்திதான். இருந்தாலும் கிடைத்திருந்தால் தங்கியிருப்பேன்.

இரண்டு ஓவியங்களின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். ஒன்று, ஜார்ஜியா ஓகீஃப் 1965-இல் வரைந்த மேக ஓவியம். அகலம் 24 அடி. விமானத்திலிருந்து பார்ப்பதுபோல வெள்ளை மேகங்கள் தொடுவானம் வரை வரிசையாகப் பரந்து கிடக்கின்றன. அவருடைய பெரிய கண்காட்சி ஒன்றுக்காக 1970-களின் தொடக்கத்தில் இங்கே வந்தது. அடுத்து சான் பிரான்சிஸ்கோ போயிருக்க வேண்டும். அங்கிருந்த அருங்காட்சியகத்தின் கதவுக்குள் நுழையாது என்று தெரிந்ததும் பயணம் நின்றது. இங்கேயே இருந்து இருந்து, கடைசியில் சிகாகோவுக்கே சொந்தமாகிவிட்டது. கண்காட்சி போய்விட்டது, அதன் சாமான் ஒன்று மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

இன்னொன்று, ஜார்ஜ் சோராவின் ‘கிராந்த் ஜாத்’ தீவு ஓவியம். புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்து, மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. 1958-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கண்காட்சிக்குக் கடனாகப் போனது. அங்கே தீப்பிடித்தது. ஒரு தொழிலாளி இறந்தார், மோனேயின் அல்லிக்குள ஓவியம் எரிந்துபோனது. இந்த ஓவியத்தைப் பத்திரமாக அப்புறப்படுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. 2004-இல் இதை மையமாக வைத்துக் கண்காட்சி நடத்தியபோதும், இதற்காக சோரா தீட்டிய முன்வரைவுகள்தான் வெளியூர்களிலிருந்து இதைத் தேடி வந்தன. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: செவ்வாய், புதன் கிழமைகளில் பெரும்பாலும் மூடியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். சிங்க வாசல் வழியாகவே நுழையுங்கள், அப்போதுதான் அந்தப் படி முதலில் கண்ணில் படும். அப்புறம் புத்தரைத் தாண்டி நேரே நடந்தால், கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்து 2009-இல் திறந்த நவீனப் பிரிவு. அங்கே மேலிருந்து ஒரு நீண்ட நடைபாலம் மில்லேனியம் பூங்காவில் கொண்டுபோய் இறக்கிவிடும். கால் வலி அங்கே போனதும்தான் தெரியும்.