கெணறு காயல, வாய்தான் அடைச்சிருக்கு

ஒரு எண்ணெய் கெணத்துல ப்ரொடக்‌ஷன் கொறஞ்சா போதும், "ரிசர்வாயர் (எண்ணெய் தேங்கியிருக்கற பாறை) முடிஞ்சுது"ன்னு ஆபீஸ்ல பேச ஆரம்பிச்சிடுவாங்க. எனக்கு அதக் கேட்டாலே எரிச்சலா வரும். நெறய கேஸ்ல உள்ள பிரஷர் நல்லாவே இருக்கும், அடைப்பு கெணத்த ஒட்டின நாலஞ்சு அடிக்குள்ளதான் இருக்கும். டிரில் பண்றப்போ உள்ள போன மட் (டிரில்லிங்குக்கு விடற சேறு மாதிரி கரைசல்), நகர்ந்து வந்து சிக்கிக்கிட்ட களிமண், தண்ணி வர ஆரம்பிச்சதும் படியற ஸ்கேல் (உப்புப் படிவு), இதெல்லாம் சேந்து பாறையோட துளைய மூடிடுது, இததான் ஸ்கின் டேமேஜ்னு சொல்றோம். டிகாஷன் எறங்கலன்னா ஃபில்டர அடுப்புல காட்டி ஓட்டைய தெறக்கறோமே தவிர காபிப்பொடி தீந்துபோச்சுன்னா சொல்றோம்?

அந்த நாலஞ்சு அடிக்கு ஏன் இவ்ளோ மவுசுன்னா, ஆயில் எல்லா பக்கத்துலருந்தும் கெணத்த நோக்கி வருது, கிட்ட வர வர வழி குறுகிட்டே போகும். கெணத்தோட விட்டம் 8 இன்ச், ஆயில் 1000 அடி தூரத்துலருந்து வருதுன்னு வெச்சு கணக்கு போட்டுப் பாருங்க, மொத்த பிரஷர் டிராப்ல 40 சதவீதத்துக்கு மேல கடைசி 10 அடியிலேயே போயிடும், அதுவும் அடைப்பே இல்லாதப்போ!

சுண்ணாம்புப் பாறைன்னா இதுக்கு வைத்தியம் ஹெச்சிஎல், அதாவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். 1000 லிட்டர் 15 சதவீத ஆசிட் கிட்டத்தட்ட 220 கிலோ பாறைய கரைச்சிடும். 1896லயே அமெரிக்கால ஹெர்மன் ஃப்ராஷ் இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டாரு, ஆனா ஆசிட் பாறைய தின்றதோட நிக்காம இரும்பு பைப்பையும் சேத்து தின்னுச்சு, அதனால ரொம்ப வருஷம் யாரும் பெருசா சீந்தல. 1932ல மிச்சிகன்ல ப்யூர் ஆயில் கம்பெனி கெணத்துல டவ் கெமிக்கல்காரங்க ஆசிட்ல ஆர்சனிக் கலந்து எறக்கினாங்க, பைப் தப்பிச்சுது, பாறை கரைஞ்சுது, அதுக்கப்புறம்தான் இது ஒரு தொழிலாவே ஆச்சு. இப்ப ஆர்சனிக் கிடையாது, இரும்பு அரிக்காம காக்கற வேற இன்ஹிபிட்டர் இருக்கு, ஆனா ஜாபுக்கு முன்னாடி லேப்ல ஒரு சின்ன இரும்புத் துண்ட கெணத்து டெம்பரேச்சர்ல ஆசிட்ல ஊறப்போட்டு எவ்ளோ எடை கொறையுதுன்னு பாக்காம எந்த நல்ல இன்ஜினியரும் பம்ப ஸ்டார்ட் பண்ண விடமாட்டாரு.

சைட்ல எனக்கு ரொம்ப பிடிச்ச நேரம் ஒண்ணு இருக்கு. பம்ப் ரேட் ஒரே மாதிரி போயிட்டிருக்கும், ஆசிட் கீழ பெர்ஃபொரேஷன (ஆயில் உள்ள வர்றதுக்கு பைப்புல போட்ட ஓட்டைங்கள) தொட்டதும் ஸ்கிரீன்ல பிரஷர் கோடு மெல்ல சரியும், கேபின்ல அதுவரைக்கும் அரட்டை அடிச்சிட்டிருந்தவங்ககூட கப்சிப்னு ஆயிடுவாங்க. உள்ள ஆசிட் சமமா கரைச்சிட்டு போறதில்ல, புழு தின்ன மாதிரி மெல்லிசான குகைகள் கெளை கெளையா ஓடும். ரொம்ப மெதுவா பம்ப் பண்ணா வாசல்லயே ஆசிட் தீந்துடும், அடைப்ப தாண்டி ஒரு அடிகூட போகாது.

மணற்பாறைதான் தலைவலி. அங்க ஹெச்சிஎல்லோட ஹெச்எஃப் (ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்) சேத்து மட் ஆசிட் போடணும். பாறைல சுண்ணாம்பு இருந்து அது நேரா ஹெச்எஃப்ப சந்திச்சா கால்சியம் ஃப்ளோரைடு படிஞ்சு பழைய அடைப்ப விட மோசமான புது அடைப்பு வந்துடும், அதனால முதல்ல வெறும் ஹெச்சிஎல் விட்டு சுண்ணாம்ப கழுவிடணும். வேலை முடிஞ்ச ஆசிட்டையும் உள்ளயே ஊறவிடாம சீக்கிரம் வெளிய எடுக்கணும், இல்லன்னா சிலிக்கா ஜெல்லா உறைஞ்சுக்கும். ஹெச்எஃப் தோல்ல பட்டா தண்ணில கழுவினா மட்டும் போதாது, எலும்பு வரைக்கும் போகும், கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டற தூரத்துல இல்லன்னா நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

ஊர்ல சொந்தக்காரங்க கேக்கறது என்னவோ ஃப்ராக்கிங் பத்திதான், மீத்தேன் போராட்டத்துக்கு அப்புறம் டெல்டால எல்லாருக்கும் அந்த வார்த்தை தெரியும். அது வேற சமாச்சாரம், பாறையே இறுக்கமா இருந்தா பிரஷர்ல பிளந்து, விரிசல் மூடிக்காம இருக்க மணல் திணிக்கறது. 1947ல கான்சஸ்ல ஹியூகோடன் வயல்ல முதல் ட்ரையல் பண்ணப்போ நாபாம் கலந்து கெட்டியாக்கின பெட்ரோல உள்ள தள்ளினாங்க, தைரியம்தான்! பெரிய பலனும் கிடைக்கல. பாறை நல்லா விட்டுக்குடுக்குது, வாய் மட்டும் அடைச்சிருக்குன்னா ஃப்ராக் தேவையே இல்ல.

அதேபோல அடைப்பு மெழுகா இருந்தா எவ்ளோ ஆசிட் ஊத்தினாலும் பிரயோஜனம் இல்ல, அதுக்கு சைலீன் மாதிரி சால்வென்ட் வேணும். அதனால டேங்கர் புக் பண்றதுக்கு முன்னாடி கெணத்த கொஞ்ச நேரம் மூடி பிரஷர் பில்டப் டெஸ்ட் எடுங்க, டியூபிங்ல (ஆயில் மேல வர்ற பைப்புல) ஒட்டினத கொஞ்சம் சொரண்டி லேபுக்கு அனுப்புங்க. டெஸ்ட்ல ஸ்கின், அதாவது அடைப்போட அளவு, ஜீரோன்னு வந்தா ஆசிட் ஜாப கேன்சல் பண்ணிடலாம், அங்க கழுவறதுக்கு ஒண்ணும் இல்ல.