பிரிட்டனில் வேலை போனபோது நான் கேட்டு வாங்கிய தேதி

எச்.ஆரிலிருந்து பதினைந்து நிமிட மீட்டிங் என்று அழைப்பு வந்தபோது சம்பள உயர்வு விஷயமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். மேலாளர் என் முகத்தையே பார்க்கவில்லை. மேஜையில் பன்னிரண்டு பக்கத் தாள்கள். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் மட்டும் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் போடாவிட்டால் இந்தத் தொகை கிடைக்காது என்றார்கள். அன்று புதன்கிழமை.

இதற்கு செட்டில்மென்ட் அக்ரிமென்ட் என்று பெயர். ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, வேலைத் தகராறுகளை விசாரிக்கும் ட்ரிப்யூனலில் வழக்கு போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம். நான் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில், அதாவது கம்பெனி ஸ்பான்சர் செய்யும் வேலை விசாவில் இருந்தேன். வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாமே அந்த வேலையைப் பிடித்துத்தான் நின்றன. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

முன்பு இதே வழியாகப் போன ஒரு அண்ணனுக்குப் போன் போட்டேன். "தம்பி, எதுலயும் கையெழுத்து போட்டுடாதே" என்றார் முதலில். அவர் சொல்லித்தான், வேலைத் தகராறுகளில் ஆலோசனை தரும் ஏகாஸ் (Acas) என்ற பொது அமைப்பின் நடைமுறை விதிகளைப் படித்தேன். யோசிக்கக் குறைந்தது 10 நாள், அதுவும் விடுமுறை நாட்களையும் சேர்த்து, தர வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு மரியாதையாக நாலு வரி மெயில் அனுப்பினேன். மறுநாளே கெடுவைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த மீட்டிங்குக்கு ஒருவரை உடன் அழைத்து வரலாமா என்றும் கேட்டேன். சட்டப்படி அந்த உரிமை இல்லை, ஆனால் அனுமதிப்பது நல்ல நடைமுறை என்கிறது ஏகாஸ். அனுமதித்தார்கள்.

அப்புறம் வக்கீல். 1996-ஆம் ஆண்டின் எம்ப்ளாய்மென்ட் ரைட்ஸ் சட்டப்படி, கம்பெனியைச் சாராத ஒரு ஆலோசகரிடம் ஆலோசனை பெறாமல் இந்த ஒப்பந்தம் செல்லாது. அதனால் அவர் ஃபீஸில் ஒரு பகுதியைக் கம்பெனியே தருவதுதான் வழக்கம். இது தெரியாமல் செலவுக்குப் பயந்து பலர் வக்கீலைத் தேடாமலே தவிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

எனக்குக் கிடைத்த வக்கீல் அம்மா தொகையைப் பார்க்கவில்லை. நேராக நாலாம் பக்கத்தைத் திருப்பி, வேலை முடியும் தேதியில் விரலை வைத்தார். நோட்டீஸ் காலத்துக்குப் பதில் பணம், அதாவது கையெழுத்து போட்ட வாரமே வேலை முடிந்துவிடும். வேலை முடிந்த 10 அலுவலக நாளுக்குள் கம்பெனி, விசாவைக் கவனிக்கும் ஹோம் ஆபீஸுக்கு (உள்துறைக்கு) தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து கடிதம் வந்தால், வேறு ஸ்பான்சரைத் தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ பொதுவாக 60 நாள்தான்.

"மூன்று மாத நோட்டீஸை கார்டன் லீவாகக் கேளுங்கள்" என்றார். வேலை செய்ய வேண்டியதில்லை, மாதச் சம்பளம் வரும், ஊழியராகவும் தொடரலாம். கம்பெனிக்கு ஏறக்குறைய அதே செலவு. பெரிய வாக்குவாதம் இல்லாமல் ஒத்துக்கொண்டார்கள். நானாக இருந்தால் இன்னும் இரண்டாயிரம் பவுண்டு கேட்டு, இதைக் கோட்டை விட்டிருப்பேன்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. இழப்பீட்டில் முதல் 30,000 பவுண்டுக்கு வரி கிடையாது, நோட்டீஸ் சம்பளத்துக்கும் மிச்ச விடுப்புக்கான பணத்துக்கும் உண்டு. ஒரே தொகையாக இருந்ததைப் பிரித்து எழுத வைத்தார். எனக்குத் தரப்போகும் ரெஃபரன்ஸ் கடிதத்தின் வாசகத்தையும் ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொன்னார்.

பதினோராவது வாரம் புதுக் கம்பெனியிடமிருந்து, புது வேலைக்கான விசாவுக்குத் தேவையான ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வந்தது. அன்றைக்கும் பழைய கம்பெனியின் ஊழியர் பட்டியலில் என் பெயர் இருந்தது.