அம்மாவின் எலும்பும் ஐந்து ப்ரூனும்

போன மார்கழியில் வாசல் தெளிக்கும்போது அம்மா வழுக்கி விழுந்து கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்துவிட்டது. வெறுமனே ஊன்றியதற்கே எலும்பு முறியுமா என்று எனக்கு மனசே ஆறவில்லை. மாவுக்கட்டு பிரித்த பிறகு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம், இடுப்பில் டி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) மைனஸ் 2.1. மைனஸ் 2.5-ஐத் தொட்டால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புத் தேய்மானம் என்பார்கள்.

எலும்புத் தேய்மானம் என்றதும் நாம் மூட்டுவலியைத்தான் நினைக்கிறோம். இது வேறு. எலும்பை அரிக்கும் செல்களும் கட்டும் செல்களும் உடம்பில் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன, மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அரிக்கிற கூட்டத்துக்குக் கடிவாளம் போய்விடுகிறது, கட்டுகிறவற்றால் ஈடுகொடுக்க முடியாமல் எலும்பு உள்ளேயே பொத்தலாகிறது. வலி இருக்காது. விழுந்தால்தான் தெரியும்.

மருந்து ஒரு பக்கம் நடக்கிறது. சாப்பாட்டில் என்ன செய்யலாம் என்று தேடியபோது என்னை நிறுத்தி வைத்தது ப்ரூன், அதாவது உலர்ந்த பிளம்ஸ். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாதவிடாய் நின்ற 235 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்திருக்கிறார்கள், முடிவு 2022-இல் வந்தது. ப்ரூன் சாப்பிடாதவர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி 1.1 சதவீதம் குறைந்தது, தினம் 50 கிராம் சாப்பிட்டவர்களுக்கு 0.3 சதவீதம்தான். 100 கிராம் குழுவில் 41 சதவீதம் பேர் பாதியிலேயே விலகிவிட்டார்கள், தினமும் பத்துப் பன்னிரண்டு ப்ரூன் யாருக்குத்தான் இறங்கும்! 50 கிராம் என்றால் ஐந்தாறு பழம், அவ்வளவுதான். இதிலுள்ள பாலிபீனால்கள் என்ற தாவரச் சத்துகள் உடம்பின் அழற்சியைத் தணிக்கின்றன, அழற்சி தணிந்தால் அரிக்கும் செல்களுக்குக் கிடைக்கும் தூண்டுதலும் குறையும் என்பதுதான் விளக்கம். ஆனால் அந்த 50 கிராமில் சர்க்கரை மட்டும் 19 கிராம் போல இருக்கிறது, அதனால் அம்மாவுக்குச் சாயங்கால பிஸ்கட்டை நிறுத்திவிட்டேன்.

அம்மாவுக்கு நம்பிக்கை என்னவோ பிரண்டைமேல்தான். வேலியில் படர்ந்ததில் இளசாகப் பார்த்து ஒடித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை நீக்கி நார் உரிப்பார், இல்லையென்றால் விரல் இடுக்கெல்லாம் அரிக்கும். நன்றாக வதக்கி, புளி, உளுந்து, வரமிளகாய் சேர்த்து அரைத்தால் நாக்கில் அரிப்பு தெரியாது. அந்த அரிப்புக்குக் காரணமே ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட்தான், அந்த வடிவில் இருக்கும் கால்சியத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. ஆகவே பிரண்டையில் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது என்று பகிர்வதை நிறுத்துங்கள். ஒடிந்த எலும்பு கூடுவதற்குப் பிரண்டை உதவுகிறதா என்று பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் 1960-களிலேயே விலங்குகளில் சோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஒடிந்தது கூடுவது வேறு, வருடக்கணக்கில் கரைவதைத் தடுப்பது வேறு. துவையலை நான் தடுக்கவில்லை, சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து நானும்தான் சாப்பிடுகிறேன். அதை நம்பி மாத்திரையை விடக்கூடாது என்று மட்டும் அம்மாவிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது காலையில் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஐந்து ப்ரூனை எண்ணி வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன். அடுத்த ஸ்கேன் தை மாதம். உங்கள் வீட்டிலும் ஐம்பது தாண்டிய யாராவது லேசாக விழுந்து எலும்பை முறித்துக்கொண்டிருந்தால், கட்டு பிரித்த கையோடு டெக்ஸா எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.